நிராயுதபாணியான எலி

முதல் மகா யுத்தத்தில் கடுகு வாயுவுக்கு இரையான சிப்பாய்களின் எலும்பு மஜ்ஜை வறண்டும் இரத்தத்தில் வெள்ளணுக்கள் அருகியும் போயிருந்ததை 1919-ஆம் ஆண்டிலேயே வைத்தியர்கள் கண்டெழுதியிருந்தார்கள். அவ்வாயுவின் தாயாதியாகிய நைட்ரஜன் மஸ்டர்டை 1942-இல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் குட்மன், கில்மன் என்னும் இருவர் கட்டி கண்ட சுண்டெலிக்குச் செலுத்தி, கட்டி கரையக் கண்டபோது விஷம் ஔஷதமாயிற்று. அந்த வம்சத்தில் பின்னர் வந்ததே சைக்ளோஃபாஸ்ஃபமைடு.

பிரிந்து பெருகும் உயிரணு எதுவாயினும் தாக்குவது இம்மருந்தின் சுபாவமாதலால், கட்டியோடு மஜ்ஜையும் சேர்ந்தே அடிபடுகிறது. கிருமிகளை விழுங்கிக் கொல்லும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவுக்கு இரத்தத்தில் ஆயுள் ஒரு நாள்கூட இல்லை. மஜ்ஜை அன்றாடம் புதிதாக ஈன்று அனுப்பினால்தான் உண்டு. ஆரோக்கியமான எலி லட்சக்கணக்கில் ஏற்றாலும் தாங்கிக்கொள்ளும் சூடோமோனாஸ் கிருமி, மருந்து பெற்ற எலியைச் சொற்ப அளவிலேயே மாய்த்துவிடும். குடிநீரில் சாதுவாகக் குடியிருக்கும் அக்கிருமிக்கு அஞ்சியே ஆராய்ச்சிசாலைகள் பலவற்றில் இத்தகைய எலிகளுக்கு அமிலம் கலந்த தண்ணீர் வைக்கிறார்கள்.

வெளியிலிருந்து சத்துரு வரவேண்டும் என்பதுகூட இல்லை. குடலின் உட்படலமும் ஓயாமல் புதுப்பிக்கப்படுவதாகையால் அதுவும் சிதைந்து, காலமெல்லாம் அங்கே உண்டு கிடந்த கிருமிகளுக்கு இரத்தத்துக்குள் வழிவிட்டுவிடுகிறது. நிணநீர்ப் புற்றுக்காக, இதே சுபாவமுள்ள டாக்ஸோரூபிசின் என்னும் மருந்தைப் பெறும் நாய்க்கு ஏறக்குறைய ஒரு வாரத்தில் வெள்ளணு எண்ணிக்கை அடிமட்டத்தைத் தொடும். அப்போது கிருமி புகுந்ததற்கு ஜுரம் ஒன்றே அடையாளமாக இருப்பதும் உண்டு. சீழ் என்பதே பெரும்பாலும் மடிந்த நியூட்ரோஃபில்களின் குவியலாதலால், அவை இல்லாத தேகத்தில் சீழும் இல்லை. புண் பார்வைக்குச் சுத்தமாகத் தோன்றும். இவ்விபத்தில் எனக்கு மிகவும் பயங்கரமாகப் படுவது இந்த யோக்கியமான முகந்தான்.

ஆனால், இந்தத் துர்ப்பலத்தையே அளவுகோலாக்கிக்கொண்டார் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையின் வில்லியம் கிரெய்க். எலியின் தேகபலம் பாதி வேலையைச் செய்துவிட்டால் கிருமிக்கொல்லியின் சாமர்த்தியத்தை எங்ஙனம் அளப்பது? ஆகவே கிருமி ஏற்றுவதற்கு நான்கு நாள் முன்பு கிலோவுக்கு 150 மில்லிகிராமும் ஒரு நாள் முன்பு 100 மில்லிகிராமுமாக சைக்ளோஃபாஸ்ஃபமைடு கொடுத்து, கன மில்லிமீட்டருக்கு நூறு நியூட்ரோஃபில்கூட இல்லாதபடி செய்த எலிகளின் தொடையில் கிருமியை விட்டு, கிருமிக்கொல்லியின் வலுவை மட்டும் தனியே நிறுத்துப் பார்த்தார்கள். பெனிசிலின் இனத்துக்குப் போதிய அளவு இரத்தத்தில் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பதே பிரதானம் என்பதும், ஜென்டாமைசின் இனத்துக்கு எவ்வளவு செறிவு எட்டுகிறது என்பதே பிரதானம் என்பதும் இத்தகைய சோதனைகளில் துலங்கின. இன்று ஆஸ்பத்திரிகளில் முன்னதை நாளில் பல தடவையாகப் பகிர்ந்தும், பின்னதைப் பெரும்பாலும் ஒரே ஊசியாகச் சேர்த்தும் கொடுப்பதற்கு ஆதாரங்களில் ஒன்று அந்த எலித் தொடைகளே.