சந்திரனுக்கு வழி காட்டிய ஒரு வாக்கியம்!

1961-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி.

அமெரிக்கப் பாராளுமன்றத்தில் ஜனாதிபதி கென்னடி பேசினார். அந்தப் பேச்சில் ஒரு செய்தி உலகத்தையே வியக்க வைத்தது.

'இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மனிதனைச் சந்திரனில் இறக்க வேண்டும். அவனைப் பத்திரமாகப் பூமிக்குத் திரும்பக் கொண்டு வர வேண்டும்' என்பதே அது.

அதுவரை விண்வெளிக்குப் போய் வந்த அமெரிக்கர் ஒருவர்தான். அவர் பெயர் ஆலன் ஷெப்பர்டு. அவர் பயணம் செய்ததும் 15 நிமிட நேரமே!

3 அம்சங்கள்

சந்திரனில் இறங்க வேண்டும். உயிரோடு திரும்ப வேண்டும். கெடுவுக்குள் முடிக்க வேண்டும். இந்த 3 அம்சங்களும் அதில் இருந்தன.

எந்த ராக்கெட்? எந்த வழி? அதையெல்லாம் நிபுணர்களிடம் விட்டுவிட்டார், கென்னடி.

பெரிய வேலை என்றால், "இதையும் சேருங்கள், அதையும் சேருங்கள்" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எது தேவை? எது வெறும் ஆசை? அதை அளந்து பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். கென்னடியின் வாக்கியமே அந்த அளவுகோல் ஆயிற்று.

எந்த வழி?

சந்திரனுக்குப் போக 3 வழிகள் ஆராயப்பட்டன.

பிரமாண்டமான ஒரே ராக்கெட்டில் நேராகப் போய் இறங்குவது ஒரு வழி. பூமியைச் சுற்றும்போது பகுதிகளை இணைத்துக்கொண்டு போவது மற்றொரு வழி.

மூன்றாவது வழி புதுமையானது. தாய்க்கலம் சந்திரனைச் சுற்றிக்கொண்டே இருக்கும். சிறு கலம் மட்டும் இறங்கி, மீண்டும் மேலே வந்து அதோடு சேரும்.

"அவ்வளவு தூரத்தில் 2 கலங்கள் சேருவதா? ஆபத்து!" என்று பலர் தயங்கினார்கள்.

ஆனால் ஜான் ஹூபோல்ட் என்ற என்ஜினீயர் விடவில்லை. 1961 நவம்பரில் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினார். "நாம் சந்திரனுக்குப் போக விரும்புகிறோமா, இல்லையா?" என்று கேட்டார்.

அவர் சொன்ன வழியில் எடை குறைவு. கெடுவுக்குள் முடிக்கவும் முடியும். 1962 ஜூலையில் அந்த வழியை 'நாசா' அறிவித்தது.

ஆசனம் போயிற்று!

சந்திரனில் இறங்கும் கலத்தைச் செய்தபோது எடை கூடிக்கொண்டே போயிற்று.

வீரர்களுக்கு ஆசனம் அவசியமா? நின்றுகொண்டே இறங்கினால் என்ன? ஆசனங்களை நீக்கிவிட்டார்கள்!

நிற்பவரின் கண் ஜன்னலுக்கு அருகே இருக்கும். ஆகவே பெரிய ஜன்னலும் தேவை இல்லை. சிறிய முக்கோண ஜன்னல்களே போதும் என்று முடிவு செய்தார்கள்.

தீ விபத்து

1967 ஜனவரி 27-ந் தேதி பயங்கர விபத்து நடந்தது. தரையில் சோதனை நடந்தபோது 'அப்பல்லோ' கலத்துக்குள் தீப்பிடித்தது. கிரிஸ்ஸம், ஒயிட், சாபி என்ற 3 வீரர்களும் இறந்தார்கள். கதவு உட்பக்கமாகத் திறப்பது. அதை அவர்களால் திறக்க முடியவில்லை.

கெடுவோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் 'பத்திரமாக' என்ற சொல்லும் அதே வாக்கியத்தில்தானே இருந்தது?

கலம் திருத்தி அமைக்கப்பட்டது. வெளிப்பக்கமாகச் சட்டென்று திறக்கும் கதவு வைக்கப்பட்டது. 1968 அக்டோபரில்தான் மீண்டும் வீரர்கள் 'அப்பல்லோ'வில் ஏறினார்கள்.

வெற்றி

1969 ஜூலை 20-ந் தேதி ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் சந்திரனில் இறங்கினார்கள். காலின்ஸ் தாய்க்கலத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். 24-ந் தேதி மூவரும் பத்திரமாகத் திரும்பினார்கள். அதைப் பார்க்கக் கென்னடி இல்லை. 1963-ம் ஆண்டிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சந்திரனில் ஓட்டுவதற்குக் காரும் போயிற்று. ஆனால் அது 1971-ல்! முதல் பயணத்துக்கு அது தேவைப்படவில்லை.

வீடு கட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடுமுன், "எதற்காக? எப்போதைக்குள்?" என்று ஒரு வரி எழுதி வையுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்க யாராவது சொன்னால், அந்த வரியை ஒரு முறை படித்துப் பாருங்கள்.

இப்போதே தேவையா, பிறகு பார்க்கலாமா என்பது தெரிந்துவிடும். ஆசனத்தை விடலாம், கதவை விடக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.