மோட்டார் சைக்கிள் பயணக் காணொளிப் பதிவு

மோட்டார் சைக்கிள் பயணக் காணொளிப் பதிவு என்பது, ஓட்டுநரின் தலைக்கவசத்திலோ உடலிலோ வண்டியிலோ சிறிய ஆக்சன் கேமராவைப் பொருத்தி, ஓடும்போதே சாலையையும் பயணத்தையும் படமெடுக்கும் முறையாகும். ஓட்டுநர் பேசிக்கொண்டே எடுக்கும் இவ்வகைக் காணொளிகள் மோட்டோவ்லாக் எனப்படுகின்றன. ஓட்டுபவரின் இரு கைகளும் ஹேண்டில்பாரில் இருப்பதால் இடையில் எதையும் சரிசெய்ய முடியாது. எனவே படம் நன்றாக வருமா கெடுமா என்பது பெரும்பாலும் வண்டி கிளம்பும் முன்பே முடிவாகிவிடுகிறது.

வரலாறு

ஓடும் பந்தய வண்டியிலிருந்து படமெடுக்கும் முயற்சி டிஜிட்டல் கேமராவுக்கு முந்தியது. ஐல் ஆஃப் மேன் தீவில் ஏறத்தாழ 60 கி.மீ. நீளமுள்ள மலைப்பாதையை ஜோயி டன்லப் ஓண்டா வண்டியில் சுற்றி வந்ததைக் காட்டும் ‘வி ஃபோர் விக்டரி’ என்ற படம் 1983ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1986இல் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் நடந்த மோட்டோகிராஸ் பந்தயத்தில், தலைக்கவசத்தில் பொருத்திய கேமராவின் காட்சிகள் ஏபிசி தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டன.

சாதாரண மக்களிடம் இந்த வழக்கத்தைக் கொண்டு சேர்த்தது கோப்ரோ நிறுவனம். கடலலைச் சறுக்கு விளையாட்டில் ஆர்வமுள்ள நிக் உட்மன் அதை 2002இல் தொடங்கினார். 2004இல் வெளிவந்த அதன் முதல் கேமரா, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் 35 மி.மீ. பிலிம் கேமரா, அதில் காணொளியே கிடையாது. 2006இல் வந்த டிஜிட்டல் கேமராவும் 10 விநாடிகள் மட்டுமே காணொளி எடுத்தது, அதுவும் ஒலி இல்லாமல். இன்று டிஜேஐ, இன்ஸ்டா360 போன்ற நிறுவனங்களும் இத்துறையில் உள்ளன.

கேமராவைப் பொருத்தும் இடம்

தலைக்கவசத்தின் தாடைப் பகுதியில் பொருத்துவதே இன்று பெரிதும் விரும்பப்படுகிறது. ஓட்டுநரின் கண்பார்வைக்கு நெருக்கமான கோணம் அங்கே கிடைக்கும். ஹேண்டில்பாரும் கைகளும் சட்டகத்துக்குள் வரும். வளைவுகளில் வண்டி சாய்ந்தாலும் பழகிய ஓட்டுநர் தலையை நிமிர்த்தியே வைத்திருப்பார். கொல்லிமலையின் 70 கொண்டைஊசி வளைவுகளில் ஒன்றை 15 மீட்டர் ஆரமுள்ளதாகக் கொண்டு, மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் திரும்பினால், வண்டி ஏறத்தாழ 25 பாகை சாய வேண்டும். தாடைக் கேமராவில் மலையும் வானமும் நேராக நிற்க, கீழே ஹேண்டில்பார் மட்டும் சாய்வது தெரியும். பெட்ரோல் டாங்கில் பொருத்திய கேமராவிலோ வண்டி நேராக நிற்க, மலை சாயும். முதல் காட்சியைப் பார்ப்பவருக்குத் தலை சுற்றாது. இரண்டாவதில்தான் சாய்வின் உணர்வு கிடைக்கும்.

மார்புப் பட்டையில் பொருத்துவதும் உண்டு. ஆனால் முன்னால் குனிந்து ஓட்டும் வண்டிகளில் கேமரா பெட்ரோல் டாங்கையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அதிர்வும் ஆடும் படமும்

புதிதாகத் தொடங்குவோருக்கு முதலில் ஏமாற்றம் தருவது, ஹேண்டில்பாரில் பொருத்தி எடுத்த படம் கூழைப்போல நெளிவதுதான். இதன் காரணம் கேமரா படத்தைப் பதியும் முறையில் இருக்கிறது.

இக்கேமராக்களின் உணரி முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பதிவதில்லை. மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் பதிகிறது. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது, முதல் வரிசையில் பெயர் கொடுத்த மாணவன் குனிந்து ஓடி நான்காம் வரிசையில் உட்கார்ந்துகொண்டால் அவனே இருமுறை ‘உள்ளேன் ஐயா’ சொல்லலாம். ஆசிரியரின் பதிவேடு உண்மையான வகுப்பைக் காட்டாது. அதுபோல, மேல்வரிசை பதிவாகி கீழ்வரிசை பதிவாவதற்குள் கேமரா அசைந்துவிட்டால், நேரான மின்கம்பம் வளைந்து தெரியும்.

மோட்டார் சைக்கிளில் இந்த அசைவு ஓய்வதே இல்லை. நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும் ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் விநாடிக்கு 50 முறை மேலும் கீழும் போய்வருகிறது. அந்த அதிர்வு சட்டம், ஹேண்டில்பார் வழியாக நேரே கேமராவுக்கு வருகிறது. தலைக்கவசத்தில் பொருத்தும்போது இடையில் ஓட்டுநரின் உடல் இருக்கிறது. முதுகும் கழுத்தும் அதிர்வைப் பெருமளவு விழுங்கிவிடுகின்றன. கடையில் விற்கும் எந்த அதிர்வுதாங்கியும் கழுத்துக்கு இணையாகாது.

கைப்பேசியை ஹேண்டில்பாரில் மாட்டிப் படமெடுப்போர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். திறன்மிக்க மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் நிலைப்படுத்தும் பாகத்தைப் பழுதாக்கலாம் என ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது.

பொதுவாக ஆக்சன் கேமராவில் இவ்வாறு அசையும் பாகம் இல்லை. அதிலுள்ள சுழல்உணரி ஒவ்வொரு அசைவையும் அளக்க, படத்தின் ஓரங்களை வெட்டி நகர்த்தி மென்பொருள் ஈடுசெய்கிறது. பகலில் இது வியக்கத்தக்க அளவில் வேலை செய்யும். இரவில் வெளிச்சம் போதாமல் ஒவ்வொரு படமும் நீண்ட நேரம் பதிவாவதால், படத்துக்குள்ளேயே கலங்கல் ஏறிவிடும். அதை நகர்த்திச் சரிசெய்ய முடியாது. இரவுப் பயணக் காணொளிகளில் தெருவிளக்குகள் நடுங்குவது இதனால்தான்.

வேகத்தின் தோற்றம்

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி விநாடிக்கு 16.7 மீட்டர் நகர்கிறது. விநாடிக்கு 30 படம் எடுத்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 56 செ.மீ. கடந்துவிடும். உச்சி வெயிலில் கேமரா ஒவ்வொரு படத்தையும் ஆயிரத்தில் ஒரு விநாடியில் எடுத்துவிடுகிறது. அந்த நேரத்தில் வண்டி 2 செ.மீ.கூட நகராது. சாலையின் ஒவ்வொரு கல்லும் கூர்மையாகத் தெரியும், ஆனால் ஓட்டம் வெட்டி வெட்டித் தெரியும். லென்சின்மேல் என்டி எனப்படும் கறுப்புக் கண்ணாடி வடிகட்டியைப் போட்டு, பதிவு நேரத்தை அறுபதில் ஒரு விநாடியாக நீட்டினால், 28 செ.மீ. நகர்வு ஒரு படத்துக்குள் கோடாக இழுபட்டு, ஓட்டம் கண்ணுக்கு இயல்பாகிறது. இருட்டத் தொடங்கியதும் வடிகட்டியைக் கழற்றிவிட வேண்டும்.

அகன்ற கோண லென்ஸ் இன்னொரு மாயமும் செய்கிறது. அருகிலுள்ளவை விரைந்து பின்னோடும்; முன்னால் செல்பவை உண்மையைவிடத் தொலைவில் தெரியும். கேமரா தரைக்கு நெருங்க நெருங்க வேகம் கூடுவதாகத் தோன்றும். 40 கி.மீ. வேகத்தில் எடுத்த காட்சியும் பறப்பதாகத் தெரியக்கூடும் என்பதால், பார்வையாளரைக் கவர உண்மையிலேயே வேகமாக ஓட்ட வேண்டிய தேவை இல்லை.

ஒலியிலும் இப்படித்தான். கேமராவின் சொந்த மைக்கில் காற்றிரைச்சலே மிஞ்சும் என்பதால், சிறு மைக் ஒன்றைத் தலைக்கவசத்தின் உள்ளே தாடைப்பஞ்சில் வைப்பார்கள். எஞ்சின் ஒலியைத் தனியாகப் பதிந்து சேர்ப்பதும் உண்டு. பிரெஞ்சு இயக்குநர் குளோட் லெலூஷ், விடியற்காலைப் பாரிசில் காரின் முன்னால் கேமராவைப் பொருத்தி ஒரே ஓட்டமாக எடுத்துப் புகழ்பெற்ற 1976ஆம் ஆண்டுக் குறும்படத்தில், ஓடியது மெர்சிடிஸ். கேட்டது ஃபெராரியின் ஒலி.

நினைவக அட்டை

விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு மணி நேரக் காணொளி 45 ஜிபி பிடிக்கும். அட்டையில் வி30 என்ற குறி இருந்தால், அது விநாடிக்கு 30 எம்பியாவது தொடர்ந்து எழுதும் என்று பொருள்.

பாதுகாப்பு

தலைக்கவசம் வழவழப்பாக உருண்டு இருப்பதற்குக் காரணம் உண்டு. விழும்போது அது தரையில் சறுக்க வேண்டும். அடி ஓரிடத்தில் குவியாமல் பரவ வேண்டும். அதன்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கடினமான பொருள் தரையில் சிக்கித் தலையைத் திருப்பக்கூடும். ஆகவே உச்சியில் நிற்கும் மவுண்டைவிடத் தாடை மவுண்ட் மேல் என்றாலும், எதுவும் பொருத்தாத தலைக்கவசமே மிகப் பாதுகாப்பானது. துளையிட்டுத் திருகுவது கூடவே கூடாது. ஒட்டுப் பட்டையை, துடைத்து உலர்ந்த பரப்பில் ஒட்டி, ஒரு நாள் விட்டபின் பயன்படுத்தலாம்.

கேரள மோட்டார் வாகனத் துறை, தலைக்கவசத்தில் கேமரா பொருத்தி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதமும் உரிம இடைநீக்கமும் விதிக்கப்படலாம் என 2022இல் அறிவித்தது. வேறு மாநிலம் செல்வோர் அங்குள்ள நடைமுறையைக் கேட்டறிந்து செல்வது நல்லது.

கேமராவைவிடப் பெரிய ஆபத்து, அது ஓட்டுபவரின் மனத்தில் உண்டாக்கும் மாற்றம். 2023 மே மாதம் யமுனை விரைவுச்சாலையில் 300 கி.மீ. வேகத்தைத் தொட முயன்ற இளம் யூடியூபர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்த தமிழ்நாட்டு யூடியூபரின் ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்தானது.

சாட்சியாகக் காணொளி

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் 2013 ஜூனில் 38 வயது ஓட்டுநர் ஒருவர், குறுக்கே திரும்பிய காரில் மோதி இறந்தார். அவருடைய தலைக்கவசக் கேமரா கடைசிக் கணம்வரை பதிந்திருந்தது. அவர் மணிக்கு 97 மைல், அதாவது சுமார் 156 கி.மீ. வேகத்தில் சென்றிருந்தார், கார் ஓட்டுநரும் கவனக்குறைவை ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு, தாயாரின் ஒப்புதலுடன் காவல்துறை அக்காணொளியை வெளியிட்டது. யார்மீதும் முழுப் பழியையும் போட முடியாதபடி இரு தவறுகளும் அதில் ஒன்றாகப் பதிந்துள்ளன.

அமெரிக்காவின் மேரிலாந்தில் 2010இல் நடந்தது வேறுவிதம். வேகமாக ஓட்டிய ஆன்டனி கிரேபரை, சீருடையில்லாத காவலர் ஒருவர் துப்பாக்கியை உருவியபடி இறங்கி நிறுத்தினார். தலைக்கவசக் கேமராவில் பதிவான அக்காட்சியைக் கிரேபர் யூடியூபில் வெளியிட்டதும், ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. பல ஆண்டுச் சிறைத் தண்டனைக்கு வாய்ப்பிருந்தது. பொது இடத்தில் கடமையாற்றும் காவலர் தம் பேச்சு தனிப்பட்டது என்று கருத இயலாது எனக் கூறி, நீதிபதி அக்குற்றச்சாட்டுகளை அதே ஆண்டு செப்டம்பரில் தள்ளுபடி செய்தார். போக்குவரத்து விதிமீறல் குற்றச்சாட்டுகள் அப்படியே நின்றன.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி, காணொளியின் பிரதியை நீதிமன்றத்தில் அளிக்கும்போது அதற்குரிய சான்றிதழையும் இணைக்க வேண்டும். விபத்து நேர்ந்தால், பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படும் முன் கேமராவை நிறுத்தி அட்டையைக் கழற்றி வைக்க வேண்டும். வெட்டாத, பெயர் மாற்றாத மூலக் கோப்பை அப்படியே பாதுகாக்க வேண்டும்.