டிகிரி காப்பியின் மணம் தோட்டத்தில் பிறக்கிறது

கும்பகோணம் டிகிரி காப்பியை அறியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. வீட்டிற்கு வந்தவரை “காப்பி சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்பதே நம் உபசாரம். பித்தளை பில்டரில் இறங்கிய முதல் டிகாக்‌ஷனும், தண்ணீர் கலக்காத பசும்பாலும் சேர்ந்தால்தான் அது டிகிரி காப்பி. பால்மானியால் ‘டிகிரி’ பார்த்துப் பால் வாங்கியதால் இப்பெயர் வந்தது என்பர்.

ஆனால் கும்பகோணத்தில் காப்பி விளைவதில்லை. சேர்வராயன் மலை, கீழ்ப்பழனி மலை, ஆனைமலை, நீலகிரி ஆகிய இடங்களில் மரநிழலில் வளர்கிறது. நாட்டில் காப்பி பயிரிடுவோரில் மிகப் பெரும்பாலோர் 10 எக்டேருக்கும் குறைவான நிலமுள்ள சிறு விவசாயிகள்தாம்.

முன்பு விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பிற்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 1996 முதல் விவசாயிகள் முழுச் சரக்கையும் தாமே விற்கலாம். ஆகவே தரத்தினால் வரும் லாபமும், தரக்குறைவால் வரும் நஷ்டமும் இன்று அவர்களையே சேரும்.

பறிப்பு

நன்கு சிவந்த பழங்களை மட்டும் பறிக்க வேண்டும். காய், பழம் எல்லாவற்றையும் ஒரே தடவையில் உருவி எடுத்தால் கூலி மிச்சமாகும்; மணம் போய்விடும். சுமார் 6 கிலோ பழத்திற்கு 1 கிலோ கொட்டைதான் கிடைக்கும். அதில் பச்சைக்காய் கலந்தால் எடையும் குறையும், விலையும் குறையும். உதிர்ந்த பழங்களையும் பொறுக்கி அகற்றினால் காய்த்துளைப்பான் வண்டு பெருகாது.

பதப்படுத்துதல்

அராபிகா பழத்தைப் பறித்த அன்றே தோல் நீக்க வேண்டும். கொட்டைகளை ஊறவிட்டு, வழவழப்பு நீங்கி கைக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டதும் நன்றாகக் கழுவி உலர்த்தலாம். தோல் நீக்கும் இயந்திரம் இல்லாதவர்கள் பழத்தை அப்படியே காயவைக்கலாம். எதுவாயினும் வெறும் மண்ணில் பரப்பலாகாது. சுத்தமான சிமெண்ட் களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, மாலையில் குவித்து மூட வேண்டும். முழுப்பழம் காய்ந்ததா என அறிய, ஒரு பிடி எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததை மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். உரம், பூச்சிமருந்து உள்ள அறையில் மூட்டைகளை அடுக்கக் கூடாது. காப்பிக்கொட்டை எந்த வாடையையும் எளிதில் ஈர்த்துக்கொள்ளும்.

மலைக்கும் பெயர் வேண்டும்

2019ஆம் ஆண்டு குடகு, சிக்கமகளூர், பாபாபுதன்கிரி, அரக்கு ஆகிய இடங்களின் அராபிகாவிற்கும், வயநாட்டு ரொபஸ்டாவிற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஐந்தில் தமிழக மலை ஒன்றும் இல்லை. காப்பி போடும் பக்குவத்தால் கும்பகோணம் பெயர் பெற்றது. விளைவிக்கும் பக்குவத்தால் நம் மலைகளும் பெயர் பெறலாம். அதற்கு அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகள் ஒன்றுசேர்ந்து, ஒரே முறையில் பதப்படுத்தி, ஊர்ப் பெயரிட்டு விற்கத் தொடங்குவது நல்லது. பெயர் பெற்ற சரக்கைத் தேடி வியாபாரி மலையேறி வருவார்.