உள்ளே இருக்க வேண்டிய இரும்பு வெளியே!

காசியோப்பியா விண்மீன் கூட்டத்தில், சுமார் 11,000 ஒளியாண்டு தொலைவில், ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்துச் சிதறியது. அதன் வெளிச்சம் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பூமிக்கு வந்திருக்க வேண்டும். ஆனால், பார்த்ததாக உறுதியான குறிப்பு எதுவும் இல்லை. ஆங்கிலேய வானியலாளர் ஃபிளாம்ஸ்டீட் 1680-ல் குறித்துவைத்த மங்கலான விண்மீன் அதுதானா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. 1948-ல் கேம்பிரிட்ஜின் ரைலும் கிரஹாம் ஸ்மித்தும் ரேடியோ அலைகளில் கண்டுபிடித்த அந்த எச்சத்துக்குப் பெயர், காசியோப்பியா ஏ.

மூன்றரை நூற்றாண்டு ஆகியும் அது இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது. சிதறிய பொருள், சுற்றியிருக்கும் வாயுவை வினாடிக்குச் சுமார் 5,000 கிலோமீட்டர் வேகத்தில் முட்டித் தள்ளுகிறது. அந்த மோதலில் ஓர் அதிர்வலை வெளிநோக்கிப் போகிறது. இன்னொன்று சிதறிய பொருளுக்குள்ளேயே திரும்புகிறது. நட்சத்திரத்தின் உடலாக இருந்ததைக் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடேற்றிப் பிளாஸ்மாவாக்குவது இந்த இரண்டாவது அலைதான். அவ்வளவு சூட்டில் பொருள் எக்ஸ் கதிர்களை உமிழும். நம் காற்றுமண்டலம் அவற்றைத் தடுத்துவிடுவதால், தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்ப வேண்டும்.

1999 ஜூலையில் விண்ணுக்குப் போன சந்திரா தொலைநோக்கி, ஆகஸ்டில் காட்டிய புகழ்பெற்ற முதல் படம் இந்த எச்சம்தான். நடுவில் ஒரு சிறு ஒளிப்புள்ளி: வெடித்த நட்சத்திரத்தின் கரு சரிந்து உருவான நியூட்ரான் நட்சத்திரம். அப்படியொரு கரு எந்த நிறைக்கு மேல் தாங்காது என்ற கணக்குக்கு அடித்தளம் போட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். தொலைநோக்கிக்கு வைத்ததும் அவர் பெயர்தான். இதைவிடப் பெயர்ப் பொருத்தம் வேண்டுமா?

படத்தைவிடச் சுவையானது நிறமாலை. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கோடு போடும். இரும்பு அணுவுக்கு 26 எலக்ட்ரான்கள். பிளாஸ்மாவின் சூட்டில் அவை ஒவ்வொன்றாகக் கழன்றுபோக, இரும்பின் முக்கியக் கோடு 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து மெல்ல நகர்ந்து, இரண்டே எலக்ட்ரான்கள் மிஞ்சும்போது 6.7-ஐ எட்டுகிறது. இங்கே வாயு மிகவும் அடர்த்தி குறைந்தது. அணுவும் எலக்ட்ரானும் மோதுவதே அபூர்வம். அதனால் சூடு ஏறி நூற்றாண்டுகள் கழிந்தும் அணுக்கள் அந்தச் சூட்டுக்கு உரிய நிலையை அடையவில்லை. இந்தத் தாமதமே ஆய்வாளருக்கு வசதி. எந்தக் கட்டி எவ்வளவு காலத்துக்கு முன் சூடானது என்பதை அதிலிருந்து கணக்கிடலாம்.

அப்படிப் படித்தபோதுதான் விநோதம் தெரிந்தது. பெரிய நட்சத்திரத்தில் இரும்பு உருவாவது அடியாழத்தில். சிலிக்கான் அதற்கு மேல் அடுக்கில். ஆனால் காசியோப்பியா ஏ-யின் தென்கிழக்கில் இரும்புக் கட்டிகள் சிலிக்கானைத் தாண்டி வெளியே கிடப்பதாக ஜான் ஹியூஸ் குழுவினர் 2000-ல் எழுதினார்கள். அடுக்கு அங்கே தலைகீழ். எல்லாத் திசையிலும் ஒரே சீராக வெடித்திருந்தால் இது நடக்காது.

2014-ல் நூஸ்டார் தொலைநோக்கியின் முடிவு வந்தது. அது தேடியது, இரும்போடு சேர்ந்தே உருவாகும் டைட்டானியம்-44. கதிரியக்கத்தால் தானே ஒளிர்வதால், அதிர்வலை வந்து சூடேற்ற வேண்டியதில்லை. அந்த டைட்டானியமும் சீராகப் பரவாமல் கட்டி கட்டியாகக் கிடந்தது. வெடிப்பதற்கு முன் கருவைச் சுற்றியிருந்த பொருள் குமுறிப் புரண்டது என்ற கருத்துக்கு இது பெரிய பலம். ஆனால் டைட்டானியம் இருக்கும் பல இடங்களில் இரும்பு தென்படவில்லை. அதிர்வலை இன்னும் போய்ச் சேராத இரும்பு எக்ஸ் கதிரில் தெரியாது என்பது ஒரு விளக்கம். எனக்கும் அதுவே ஏற்புடையதாகப் படுகிறது. ஆனால் வழக்கு முடிந்துவிடவில்லை.

இந்தியாவும் இந்த எச்சத்தைப் பார்த்திருக்கிறது. 2024 ஜனவரி 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எக்ஸ்போசாட் செயற்கைக்கோளில், எக்ஸ்பெக்ட் கருவியின் முதல் பதிவு காசியோப்பியா ஏ. மக்னீசியம், சிலிக்கான், கந்தகம், ஆர்கான், கால்சியம், இரும்பு எல்லாம் அதில் கோடு கோடாக வந்தன. ராக்கெட் கிளம்பிய செய்திக்குக் கொடுத்த இடத்தில் கால்வாசியையாவது நம் பத்திரிகைகள் அந்த வரைபடத்துக்கும் கொடுத்திருக்கலாம்.