தோலுக்கும் திசை உண்டு!

உங்கள் பள்ளிக் காலணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாதத்தின் மேற்புறத்தை மூடும் பகுதிக்கு 'அப்பர்' என்று பெயர். விரல் பக்கத்திலும் குதிகால் பக்கத்திலும் அது கிண்ணம்போல் வளைந்திருக்கிறது. தோலோ துணியைப்போல் தட்டையானது. தட்டையான தோல் கிழியாமல், மடிப்பு விழாமல் எப்படி வளைந்தது?

விடை தேடிப் பாலாற்றங்கரைக்குப் போவோம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகியவை தோலுக்குப் பேர்போன ஊர்கள். ஒரு காலத்தில் தமிழகத்திலிருந்து ஆவாரம் பட்டையில் பதனிட்ட அரைகுறைத் தோல் கப்பலேறியது. அதைக் காலணியாக்கி இலாபம் பார்த்தவர்கள் வெளிநாட்டார். 1972-இல் சீதாராமையா குழு இதை மாற்றப் பரிந்துரை செய்தது. 1973-இல் அரசு அரைகுறைத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அதன் பின்னரே அப்பரும் முழுக் காலணியும் செய்யும் தொழில் இங்கு பெருகியது.

தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். பச்சைத் தோலைச் சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் இட்டால் சுருங்கிவிடும். குரோமிய உப்புகளால் பதனிட்டால் அவை இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கின்றன. அந்தத் தோல் கொதிநீரையும் தாங்கும்.

அடுத்தது வெட்டும் வேலை. இங்குதான் தொழிலாளியின் கண்ணுக்குச் சோதனை. முதுகுப் பக்கத்துத் தோலில் இழைகள் நெருக்கமானவை. வயிற்றுப் பக்கத்தில் தளர்ந்தவை. ஒரே தோல் ஒரு திசையில் அதிகம் நீளும், மறு திசையில் குறைவாக நீளும். பாதத்தின் முன்பகுதியை மூடும் துண்டை நல்ல இடத்தில், குறைவாக நீளும் திசை விரலிலிருந்து குதிகாலை நோக்கி இருக்குமாறு வெட்டுவார்கள். அப்போது காலணி நீளவாக்கில் தளராது. அகலவாக்கில் பாதத்திற்குச் சற்று இடம் கொடுக்கும். கீறலும் உண்ணி கடித்த தழும்பும் துண்டில் விழாதபடி அச்சுக் கத்தியை வைக்க வேண்டும். தவறினால் விலையுயர்ந்த தோல் வீண்!

பிறகு, துண்டுகளின் விளிம்பை மெல்லியதாகச் சீவுவார்கள். இல்லையென்றால் இரண்டு துண்டுகள் சேருமிடம் தடித்துப் பாதத்தை உறுத்தும். விளிம்பை மடித்து, பசை தடவி, உள்துணியோடு சேர்த்துத் தைப்பார்கள். வளைந்த வேலைக்கென்றே தூண்போல் உயர்ந்த தையல் இயந்திரம் உண்டு. ஆம்பூர்ப் பகுதியில் இந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்களே.

தைத்த அப்பரை, பாதத்தின் வடிவிலுள்ள 'லாஸ்ட்' என்னும் அச்சுக் கட்டையின்மேல் மாட்டி, சூடும் ஈரமும் கொடுத்து இழுப்பார்கள். இழைகள் நகர்ந்து புது வடிவில் நிலைக்கின்றன. பதனிடும்போது பெற்ற வெப்பந்தாங்கும் திறன் இங்கே கைகொடுக்கிறது.

இழுப்பைத் தோல் தாங்குமா என்பதை முன்கூட்டியே சோதிக்கலாம். வட்டத் துண்டு ஒன்றின் விளிம்பை இறுகப் பிடித்து, நடுவில் சிறு குண்டால் தள்ளுவார்கள். நடுப்பகுதி 7 மில்லிமீட்டர் உயரும்வரை மேற்பரப்பு வெடிக்கக் கூடாது. சென்னை அடையாற்றில், 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோலின் இத்தகைய பண்புகளை ஆராய்கிறது.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். பழைய கைக்குட்டையை நீளவாக்கில், அகலவாக்கில், மூலைவாட்டில் இழுங்கள். எந்தத் திசையில் அதிகம் நீள்கிறது? இழைகளின் போக்கே அதைத் தீர்மானிக்கிறது என்பது புரியும். தோல் வெட்டும் தொழிலாளி தினமும் தம் விரல்களால் படிக்கும் பாடமும் அதுவே.