ஃபட்ஃபட்டி: தில்லிப் பட்டறையில் பிறந்த வண்டி

முன்னொரு காலத்தில், ரயிலிலிருந்து இறங்கிக் கனாட் பிளேசுக்கு வந்து சேர்ந்த தமிழர், அங்கே நின்ற ஒரு வண்டியைக் கண்டு சற்றே திகைத்து நிற்பது வழக்கம். முன்னாலிருந்து பார்த்தால் அது பெரிய மோட்டார் சைக்கிள். பின்னாலிருந்து பார்த்தால் கூண்டு கட்டிய குதிரை வண்டி. ஓட்டுநர் மோட்டார் சைக்கிளின் இருக்கையில் அமர்ந்திருப்பார். அவர் முதுகுக்குப் பின்னே, இரும்புச் சட்டத்தின் மேல் அமைத்த பலகைகளில், ஆறு பேரோ அதற்கு மேலோ முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு மக்கள் வைத்த பெயர் ஃபட்ஃபட்டி. நம் இலக்கணத்தார் இரட்டைக்கிளவி என்று வகுத்தார்களே, அந்த முறையில் ஒலியே இங்கே பெயராயிற்று.

இந்த ஒலிக்கும் ஒரு காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஹார்லி டேவிட்ஸன் நிறுவனம் படைகளுக்கென்று டபிள்யூ.எல்.ஏ. என்னும் மோட்டார் சைக்கிளைப் பல்லாயிரக்கணக்கில் செய்து அனுப்பியது. சுமார் 740 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய அதன் எஞ்சினில் இரு சிலிண்டர்கள் 45 பாகைக் கோணத்தில் விரிந்து நிற்கும். இரண்டின் பிஸ்டன்களும் ஒரே ஊசியைப் பிடித்துத் தண்டைச் சுழற்றும். ஆகவே வெடிப்புகள் சம இடைவெளியில் நிகழா. ஒன்றுக்குப்பின் மற்றொன்று 315 பாகையில் வரும். அடுத்தது வர 405 பாகை ஆகும். நொண்டி நடப்பது போன்ற அந்தத் தாளமே தில்லித் தெருக்களில் ஃபட்ஃபட் என்று கேட்டது.

போர் 1945-இல் முடிந்தது. படைகளுக்கு வேண்டாதுபோன மோட்டார் சைக்கிள்கள் மலிவாக விலைக்கு வந்தன. ஹார்லியோடு, இந்தியன் என்ற பெயருடைய மற்றோர் அமெரிக்க மோட்டார் சைக்கிளும் இருந்தது. 1947-இல் பிரிவினை நேர்ந்தது. மேற்குப் பஞ்சாபிலிருந்து உடைமைகளை இழந்து தில்லிக்கு வந்த மக்களுள் பலர் கைத்தொழில் அறிந்தவர்கள். நகரமோ நாளொரு மேனியாகப் பெருகிற்று, பஸ்கள் போதவில்லை. மலிவான எஞ்சினும், கைத்திறனும், காத்திருக்கும் பிரயாணிகளும் ஒன்று சேர்ந்தபோது இந்த வண்டி பிறந்தது. கனாட் பிளேசிலிருந்து சாந்தினி சௌக்கின் ஃபவ்வாராவுக்கும் கரோல் பாகுக்கும் அது ஓடியது. ஓட்டியவர்களில் பலர் சீக்கியர்.

அமெரிக்காவில் பழைய கார்களை வெட்டி ஒட்டி, துருவும் வெல்டிங் தழும்பும் வெளியே தெரியுமாறு ஓட்டி மகிழ்பவர்கள் உண்டு. அத்தகைய வண்டியை ரேட் ராட் என்கிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. தில்லியில் அது அடுப்பெரிய வைத்த பிழைப்பு. ஆயினும் இரு சாராரும் எதிர்கொண்ட கேள்வி ஒன்றே: இணைத்துவிடலாம், சரி, இணைத்ததைத் திருப்புவது எப்படி? அதிர்வைத் தாங்குவது எப்படி?

முதலில் திருப்புவதைப் பார்ப்போம். இரு சக்கர வண்டி வளைவில் உள்பக்கமாகச் சாயும்; அந்தச் சாய்வே அதைத் திருப்பிக் கொடுக்கிறது. பின்னே இரண்டு சக்கரங்களைப் பூட்டியவுடன் சாய்வு போயிற்று. முன் சக்கரம் திரும்பும் அச்சைத் தரைவரை ஒரு கோடாக நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே அது போய்ச் சேரும். ஆஸ்பத்திரிக் கட்டிலின் உருளை, இழுத்த பக்கம் தானே திரும்பிக்கொள்ளுமே, அவ்வாறே இந்த இடைவெளி சக்கரத்தை நேராக வைத்திருக்க உதவுகிறது. இரு சக்கரத்தில் நன்மையாயிருந்த அதே இடைவெளி, மூன்று சக்கரத்தில் ஓட்டுநரின் தோளுக்குப் பாரமாகிறது. கைப்பிடியை வலிந்து திருப்ப வேண்டும். பக்கத்தொட்டி பூட்டிய மோட்டார் சைக்கிள்களில் முன் கவையை மாற்றி இந்த இடைவெளியைக் குறைப்பதுண்டு.

அடுத்தது பின் அச்சு. இரு சக்கரங்களுக்கும் நடுவே நான்கடி என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஒரு தெருமுனையில் செங்கோணமாகத் திரும்பினால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஆறடிக்கு மேல் அதிகம் உருள வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஏதேனும் ஒன்று தேய்ந்து இழுபட்டே தீரும். காரில் இதைத் தீர்ப்பது டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி. ஹார்லி நிறுவனமே 1932 முதல் செய்த செர்வி கார் என்ற மூன்று சக்கர வண்டியிலும் அது உண்டு.

பிறகு அதிர்வு. இதைப் பிறமொழியிலிருந்து பெயர்க்கும்போதெல்லாம் என் பேனா தயங்கும். அலுவலகத்தில் சஸ்பென்ஷன் என்றால் பணியிடை நீக்கம். அதே சொல் பட்டறையில் சுமையை ஸ்பிரிங்குகளின்மேல் தாங்கி நிறுத்தும் அமைப்பு. போர்க்கால ஹார்லியின் பின் சக்கரத்துக்கு இந்த இரண்டாம் பொருளே இல்லை. முன் கவையில் ஸ்பிரிங் உண்டு, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் உண்டு. பின் சக்கரமோ சட்டத்தில் நேரே பூட்டியது. அதன்மீது ஆறு பேரை ஏற்ற வேண்டுமானால் ஸ்பிரிங் புதிதாக அமைத்தாக வேண்டும். மெல்லிய ஸ்பிரிங் வைத்தால் வளைவில் வண்டி வெளிப்பக்கம் சரியும். தடித்தது வைத்தால் இரண்டே பேர் ஏறும்போது ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் எண்ணப்படும். பட்டறைக்காரர்கள் முதுகெலும்பைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை என்பது ஏறியவர்களின் ஒருமித்த கருத்து.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பாவோடு கரோல் பாகுக்கு அதில் போனேன். பஞ்சகுயியான் சாலையின் வளைவு ஒன்றில் உள்பக்கச் சக்கரம் ஒரு கணம் தரையை விட்டெழுந்தது. யாரும் விழவில்லை, ஓட்டுநர் மட்டும் வண்டியை ஓரமாக நிறுத்தி, முன்பக்கம் நகர்ந்து அமர்ந்திருந்த பருத்த மனிதர் ஒருவரை, "பாயி சாகப், பின்னால் வாருங்கள்" என்று இந்தியில் வேண்டிக்கொண்டார். அப்போது அது எனக்கு வேடிக்கையாயிருந்தது. பிற்பாடுதான் காரணம் விளங்கிற்று. மூன்று சக்கரங்கள் தரையைத் தொடும் புள்ளிகளைக் கோடிட்டு இணைத்தால் முக்கோணம் கிடைக்கும். அதன் கூர்முனை முன்னே இருக்கிறது. பாரம் முன்னே நகர நகர, அது நிற்கும் இடம் குறுகுகிறது. வளைவில் பிரேக் போட்டாலும் பாரம் முன்னேதான் பாயும். அதற்கு அஞ்சி எல்லாரையும் பின்கோடிக்கு அனுப்பினாலோ, முன் சக்கரம் இலேசாகி, கைப்பிடி திரும்பியும் வண்டி திரும்பாது. இந்த இரண்டுக்கும் இடையே ஒரு சாண் இடத்தில் அந்த ஓட்டுநர் தம் கணக்கைப் போட்டார். அவரிடம் தாளும் பென்சிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

நான் ஏறிய வண்டியில் பழைய எஞ்சின் இல்லை. பெட்ரோல் செலவு கட்டாமல் பல வண்டிகளில் டீசல் எஞ்சினைப் பொருத்திவிட்டிருந்தார்கள். ஹார்லியில் மிஞ்சியது முன் கவையும் ஒரு பெருமையுமே. கரும்புகை பெருகிற்று. தில்லியின் காற்று மாசு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் பஸ், டாக்சி, ஆட்டோ ஆகியவற்றின் பழைய வண்டிகளை விலக்கக் காலக்கெடு விதித்தது. அதே ஆண்டில் ஃபட்ஃபட்டியும் வீதியை விட்டு அகன்றது. சேவையின் பெயர் மட்டும் நான்கு சக்கர வண்டிகளுக்குப் போயிற்று. அரை நூற்றாண்டுப் பிழைப்பு ஓர் ஆண்டில் முடிந்ததை நினைத்தால் மனம் வருந்துகிறது. அந்த வளைவை நினைத்தால் வருத்தம் சற்றுக் குறைகிறது.

இன்று ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் இத்தகைய வண்டியைச் செய்ய விரும்பினால்? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. உற்பத்தியாளர் வகுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். புதிய வகை வண்டியை விற்க விரும்பும் உற்பத்தியாளரோ, அதன் மாதிரியை முதலில் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதற்கான நிலையங்களுள் ஒன்று தில்லிக்கு அருகே மானேசரில் இருக்கிறது. பிரேக் எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறது, புகை எவ்வளவு என்பவற்றையெல்லாம் அங்கே கருவிகொண்டு அளக்கிறார்கள். பருத்த மனிதரை எங்கே உட்கார வைப்பது என்று ஓட்டுநர் நடுவழியில் தீர்மானிக்க விடுவதில்லை.