பார்க்காத ஊருக்குப் படம் போட்ட துறவி

கோட்டை மதில், பக்கத்தில் ஓர் ஒட்டகம், கடலில் கப்பல்கள். சுமார் 770 ஆண்டுகளுக்கு முன் கையால் வரைந்த தேசப்படம் இது!

வரைந்தவர் மாத்யூ பாரிஸ். இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி. பாலஸ்தீனத்தை அவர் கண்ணால் கண்டதே இல்லை. போய் வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு வரைந்தார். மன்னர் மூன்றாம் ஹென்றியின் தம்பி ரிச்சர்டும் அவருக்கு விவரம் சொன்னவர்தான். காகிதத்தில் அல்ல, பதப்படுத்திய தோலில், இறகுப் பேனாவால் வரைந்தார். வழிப் படங்களில் இடம் போதாவிட்டால் ஓரத்தில் இன்னொரு துண்டை ஒட்டிக்கொள்வார். கெட்டிக்காரர்!

படத்தில் ஏக்கர் துறைமுகம் (நிலம் அளக்கும் ஏக்கர் அல்ல, ஊர்ப் பெயர்) பூதாகாரமாக இருக்கிறது. புனித நகரமான ஜெருசலேமோ ஒரு சின்னச் சதுரம்! அளவு தெரியாமல் போட்டாரா? இல்லை. 1187-ல் ஜெருசலேமைச் சலாவுதீன் பிடித்தார். இடையில் திரும்பக் கிடைத்தது. 1244-ல் மறுபடியும் பறிபோனது. சிலுவைப் போர்க்காரர்களுக்கு மிஞ்சிய தலைநகர் ஏக்கர்தான். யாத்திரிகர்கள் கப்பலை விட்டு இறங்குவதும் அங்கேதான்.

1259-ல் மாத்யூ காலமானார். 32 ஆண்டுகள் கழித்து, 1291-ல், எகிப்து சுல்தானின் படை ஏக்கர் மதிலை உடைத்து உள்ளே புகுந்தது. அவர் தோலில் போட்ட மதில் லண்டன், கேம்பிரிட்ஜ் நூலகங்களில் பத்திரமாக இருக்கிறது. ஒட்டகமும்தான்.